பரணில் ஏலக்காய் வாசனை

— அத்தான், ஒரு சந்தேகம். கேக்கலாமா?

— மெதுவா பேசு. இப்பதான் வெளிச்சம் வருது.

— காலையில என்ன சோப்பு போட்டுக் குளிச்சீங்க?

— வாசனையில்லாத சோப்புதான். வேட்டைக்குன்னு வச்சிருக்கிற அதே கட்டி. ஏன்?

— துணி?

— சமையல் சோடா போட்டு அலசி, ரெண்டு நாள் வெளியில கொடியில கெடந்தது. இப்ப எதுக்கு இதெல்லாம்...

— பூட்ஸ்?

— டப்பாவுல மூடி வச்சிருந்தேன். மாப்ளே, இது என்ன போலீஸ் விசாரணையா?

— அப்போ இந்த ஏலக்காய் வாசனை எங்கருந்து வருது?

— ஏலக்காயா? எனக்கு ஒண்ணும் வரலயே.

— உங்களுக்கு எப்படி வரும். வாசனையே உங்க மேலருந்துதானே வருது.

— காத்து எந்தப் பக்கம்னு பாரு முதல்ல.

— பொடி தட்டிப் பாத்துட்டேன். மேக்கால இருந்து அடிக்குது. நம்ம வாசனை பின்னால ரோட்டுக்குப் போகுது. பால் வண்டிக்காரனுக்கு வேணா பசிக்கும். மானுக்குத் தெரியாது.

— அப்புறம் என்ன. பேசாம உக்காரு.

— ஏலக்காய் போட்ட பன்னு. வெண்ணெயும் இருக்கு. வலது பக்கப் பாக்கெட்டு.

— பெட்ரோல் பங்க்ல வாங்கினேன்.

— ஞாயித்துக்கிழமை காலங்காத்தால, பெட்ரோல் பங்க்ல, சூடா ஏலக்காய் பன்னு.

— சூடா இருக்குன்னு நான் சொன்னேனா?

— பாக்கெட்டுலருந்து ஆவி வருது அத்தான்.

— ...நீ மான் பாக்க வந்தியா, என் பாக்கெட்டைப் பாக்க வந்தியா?

— வில்லு இழுக்க முடியாதவன் வேற எதைப் பாக்கறது. டிசம்பர் வரைக்கும் இந்தத் தோளைத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

— அம்பத்தேழு வயசுல ஏணியில ஏறிக் கூரைத் தகரத்தைச் சுத்தம் பண்ணப் போனா அப்படித்தான். ஒரு ஆளை வச்சுப் பண்ணிருக்கலாம்ல.

— மரத்துலருந்து விழுந்தவனை மாடு முட்டுன கதையா நீங்களும் ஆரம்பிக்காதீங்க.

— மரமா? ஏணின்னு சொன்னே?

— பழமொழி அத்தான். ...ஷ்ஷ். இடது பக்கம். புல்லுக்கட்டுக்கு அந்தாண்ட.

— பொட்டையா?

— பொட்டைதான். கூட ரெண்டு குட்டி. குளோவர் புல்லுல வாய வச்சிருச்சுங்க.

— பின்னால எவனாவது துரத்திட்டு வர்றானா பாரு. நவம்பர் முதல் வாரம், கெடாவுங்க பொட்டை தேடற சமயம். அவனுங்களுக்குத் தூக்கம் சோறு ஒண்ணும் கெடையாது.

— ஒருத்தன் வர்றான். சின்னப் பய. ஒன்றரை வயசு இருக்கும். கொம்பு ரெண்டு பென்சில் மாதிரி நிக்குது.

— விடு அவனை.

— வில்லு உங்க மடியில இருக்கு. என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க.

— எனக்கே சொல்லிக்கறேன். சின்னதை விட்டுப் பழகுனாத்தான் பெருசைப் பாக்கலாம்னு சொல்லுவா உங்கக்கா ஆர்டிஸ்.

— அக்கா உங்களையும் அப்படித்தான் நாலு வருஷம் விட்டுப் புடிச்சா. எங்க அப்பா எத்தனை தடவை கேட்டாரு தெரியுமா, அந்தப் பயலை என்னதான் பண்ணப் போறேன்னு. "இன்னும் வளரணும்பா"ன்னு சொன்னா.

— இதை நீ இப்பதான் சொல்றே.

— இன்னும் நெறைய இருக்கு. ஒவ்வொரு வருஷமும் ஒண்ணு.

— ...நாலு வருஷம் ஆயிடுச்சு மாப்ளே அவ போயி.

— ம். போன மாசத்தோட நாலு.

— நூத்திருபது ஏக்கர்ல பாதியில சோளம் போட மாட்டேன், மானுக்கு விடப் போறேன்னா. ஊரே சிரிச்சுது. எங்க குளோவர் வெதைக்கணும், எங்க ஓக் மரம் நிக்கணும், மான் மறைஞ்சு படுக்க எந்த மரத்தைப் பாதி வெட்டிச் சாய்ச்சு விடணும், எல்லாம் அவ போட்ட கணக்கு.

— இந்த மரத்துப் பரண் முன்னால போற வழியும் அவ போட்டதுதான். மானை விரட்டி ஒரு இடத்துக்குக் கொண்டு போக முடியாதும்பா. நடக்க லேசா ஒரு வழிய வச்சு, அந்தப் பக்கம் தின்ன கொஞ்சம் வச்சா, அதுவா போகும். தன் இஷ்டத்துக்குப் போறதா வேற நெனச்சுக்கும்.

— அவ சொன்னது ஒண்ணும் தப்பினதில்ல.

— பொட்டை ஓடைப் பக்கம் எறங்குது. சின்னவனும் பின்னாலயே போறான். ...போயாச்சு. பாதிரியார் வருவாருங்கறீங்க?

— இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானே.

— ஊரு முழுக்க சர்ச்சுல இருக்கறப்போ மட்டும் வெளிய வர்ற கெடா. நல்ல பேருதான் வச்சா அக்கா.

— சமையக்கட்டு ஜன்னல்லருந்து பாத்து வச்சது. அப்போ அவனுக்கு ஒன்றரை வயசு. இடது கண்ணுக்கு மேல இருக்கற புருவக் கொம்பு அப்பவே வளைஞ்சிருந்துச்சு. "அஞ்சு வயசு முடியற வரைக்கும் எவனும் இவன் மேல அம்பு விடக் கூடாது, நீயும்தான்"னா. அவ பாத்து பேரு வச்ச கடைசி மான்.

— இந்த வருஷம் அஞ்சு முடிஞ்சுது.

— போன வருஷம் பதினெட்டு கெஜத்துல நின்னான். வில்லைக் கீழ வச்சிட்டுக் கையக் கட்டிட்டு உக்காந்திருந்தேன்.

— ஆனா ஆகஸ்டுலருந்து மரத்துல கட்டி வச்ச ஒரு கேமராவுலயும் விழலயே அத்தான்.

— ...ம்.

— பக்கத்து நிலத்துக்காரங்களையும் கேட்டுட்டேன். யாரும் பாக்கல.

— அந்த ஏழாம் நம்பர்ல விழுந்திருப்பான். அது வேலை செஞ்சாத்தானே. சனியன் புடிச்ச கேமரா.

— பழைய மாடல் அத்தான். குளிர் தாங்காது.

— ஜூலை மாசம் என்ன குளிரு?

— ...வெயிலும் தாங்காது.

— வாராவாரம் ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு நீ குடுக்கற பேட்டரிய எடுத்துட்டுப் போயி மாத்தறேன். போட்டதும் சிவப்பு லைட்டு நல்லா எரியுது. அடுத்த வாரம் போனா செத்துக் கெடக்குது.

— பள்ளத்துல சிக்னலும் இல்ல. ஒரு படம்கூட என் போனுக்கு வந்ததில்ல.

— அப்புறம் அதை ஏன் அங்க வச்சிருக்கே? கழட்டி எறி.

— நல்ல எடம் அத்தான். போக்குவரத்து உள்ள எடம்.

— என்ன போக்குவரத்து. ஒரு வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் நாலு ஆப்பிள் மரம்.

— வெர்ணா தோட்டம்தானே அது. இன்னும் சண்டை போடறாங்களா?

— யாரு?

— பஸ்காரம்மா வெர்ணா. முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவங்க. மே மாசம் மண்வெட்டியும் கையுமா வேலிக்கிட்ட வந்து, உன் மானெல்லாம் என் டூலிப் பூவைத் தின்னுடுச்சுன்னு கத்தினாங்களாமே.

— கத்தல. எடுத்துச் சொன்னாங்க.

— ஓ.

— அக்டோபர்ல குனிஞ்சு குனிஞ்சு நட்ட கெழங்கு. ஆறு மாசம் காத்திருந்து, பூக்கிற அன்னிக்கு காம்பு மட்டும் நின்னா யாருக்கா இருந்தாலும் வருத்தம் இருக்காதா?

— இருக்கும் இருக்கும். எத்தனை கெழங்கு?

— நாப்பத்திரண்டு.

— நம்ம நிலத்துல எத்தனை மான் இருக்குன்னு கேட்டா "இருக்கும் ஒரு இருபது முப்பது"ம்பீங்க.

— அவங்க சொன்னாங்க, மனசுல நின்னுடுச்சு. அதுக்கென்ன இப்போ.

— ஒண்ணுமில்ல. கேட்டேன்.

— மாப்ளே.

— ம்.

— ஒண்ணு சொல்லணும்.

— சொல்லுங்க.

— ...பரண்ல வச்சு சொல்ற விஷயமா தெரியல.

— அப்போ கீழ எறங்கினதும் சொல்லுங்க.

— கீழ எறங்கினா தைரியம் வராது.

— பதினெட்டு அடி ஒசரத்துல தைரியம் வருதா?

— இங்கன்னா நீ எந்திரிச்சுப் போக முடியாதுல்ல.

— அதுவும் சரிதான். பெல்ட்டு போட்டு மரத்தோட கட்டி வச்சிருக்கீங்க. சொல்லுங்க.

— நான்... நடுக்காட்டுக்குள்ள போனேன். திட்டு.

— எப்போ?

— மே மாசம்.

— ஒரு தடவை தவறிப் போயிருப்பீங்க.

— மே மாசத்துலருந்து. வாராவாரம். சில வாரம் ரெண்டு தடவை. போன வாரம் நாலு.

— அத்தான். இந்த நிலத்துக்கு அக்கா போட்ட ரூலு ஒண்ணே ஒண்ணு. நடுவுல இருக்கற இருபது ஏக்கர்ல மனுசன் கால் படக் கூடாது. மான் பயமில்லாம படுக்க ஒரு எடம் வேணும்னு. என் நாய் உள்ள ஓடினப்போகூட உள்ள விடல. வெளிய நின்னு விசிலடிக்க வச்சா. மூணு மணி நேரம்.

— தெரியும். நானும்தானே கூட நின்னு விசிலடிச்சேன். ரெண்டு நாள் உதடு வீங்கிக் கெடந்துச்சு.

— அதெல்லாம் ஞாபகம் இருந்தும் போயிருக்கீங்க.

— ரோட்டைச் சுத்திப் போனா ஒன்றரை மைலு. உள்ள பூந்து போனா எட்டு நிமிஷம். ஒரு வழி இருக்கு மாப்ளே. மான் போட்ட வழி. ஒரு முள்ளு கெடையாது. குறுக்கால ஒரு கெளை கெடையாது. கால் அதுவா போகுது.

— மான் போட்ட வழி.

— பாதிரியார் போட்டதாத்தான் இருக்கும். கொம்பு இடிக்காத அளவுக்கு நல்ல அகலம்.

— ம். ...அகலமாத்தான் இருக்கும்.

— அதுல போயிப் போயி என் வாசனைய அப்பி விட்டுட்டேன். அவன் எடத்தைக் காலி பண்ணிட்டான். அதான் எந்தக் கேமராவுலயும் இல்ல. அவ அத்தனை வருஷம் காப்பாத்தினத நான் ஆறே மாசத்துல கெடுத்துட்டேன். ராத்திரி படுத்தா அதான் உறுத்துது.

— எட்டு நிமிஷத்துல எங்க போறீங்க அத்தான்?

— ஏழாம் நம்பர் கேமராவுக்கு.

— வாரத்துக்கு நாலு தடவை. கேமரா பன்னு சுடுமா?

— ...

— சும்மா கேட்டேன். சில மாடல்ல இருக்கலாம்.

— வெர்ணா.

— எந்த வெர்ணா?

— மாப்ளே, நடிக்காத. இருக்கறது ஒரு வெர்ணாதான். முத வாரம் திட்டினா. ரெண்டாவது வாரம் கம்பி வலை ஒரு சுருளை எடுத்துட்டுப் போனேன், டூலிப் பாத்தியச் சுத்திக் கட்டித் தர்றேன்னு. மூணாவது வாரம் காப்பி குடுத்தா. வேலியோட இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ. கம்பத்து மேல ரெண்டு கப்பு.

— மான் உள்ள வரக் கூடாதுன்னு நீங்க வேலி கட்டிக் குடுத்தீங்களா? இருபது வருஷம் மானை வா வான்னு கூப்புட்ட மனுசன்?

— எட்டடி ஒசரம்.

— வெளிய தெரிஞ்சா மானம் போயிடும். அப்புறம்?

— அப்புறம் என்ன. பேசினோம். நான் இவ்வளவு பேசுவேன்னு எனக்கே தெரியாது. பஸ்ஸுல வந்த பசங்க கதையெல்லாம் சொல்லுவா. சிரிச்சு சிரிச்சு காப்பிய மேல கொட்டிக்கிட்டேன். இந்த அக்டோபர்ல சேந்து நூறு கெழங்கு நட்டோம்.

— உங்களுக்கு முட்டி வலியாச்சே. குனிய முடியாதேன்னு போன வருஷம் ஓட்டைக் கொட்டகைக்கு ஆணி அடிக்கக்கூட என்னைத்தானே கூப்புட்டீங்க.

— டூலிப்புக்குக் குனியும்போது வலிக்கல.

— நல்ல முட்டி.

— சிரிக்காத. இன்னும் முக்கியமானது சொல்லல. கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். டிசம்பர்ல.

— ஏன், நவம்பர்லயே வச்சிருக்கலாமே.

— நவம்பர்லயா? மான் சீசன்ல கல்யாணம் வைக்கிற கிறுக்கன் இந்த விஸ்கான்சின் மாநிலத்துலயே கெடையாது. ஒருத்தன் வர மாட்டான். பாதிரியாரே வர மாட்டாரு.

— எந்தப் பாதிரியாரு?

— ரெண்டு பேரும்தான். ...மாப்ளே, வெளையாட்டை விடு. நான் கேக்க வந்தது வேற.

— கேளுங்க.

— இது உங்க அப்பா நிலம். ஆர்டிஸுக்கு வந்துச்சு. அவ எழுதி வச்சதால எனக்கு வந்துச்சு. என் காசு ஒரு பைசா இதுல இல்ல. அவ நட்ட ஓக் மரத்துக்கு அடியில வேற ஒருத்தி கையப் புடிச்சுக்கிட்டு நான் நடக்கறத நீ பாக்கணும்னா... உனக்கு எப்படி இருக்கும்னு தெரியல. நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நாளைக்கே உன் பேருக்கு மாத்திக் குடுத்துட்டு வேலிக்கு அந்தப் பக்கம் போயிடறேன். இந்தப் பரண்ல கால் வைக்க மாட்டேன்.

— வெர்ணாவ விட்டுடறேன்னு சொல்லல நீங்க.

— ...இல்ல. அதைச் சொல்ல முடியல. அறுபத்தோரு வயசுல உள்ளதைச் சொல்லிடறேன். அவள விட முடியாது. நிலத்த விட்டுடுவேன். ஆனா...

— ஆனா?

— முப்பத்தோரு வருஷமா உன்கூடத்தான் பரண் ஏறறேன். அதை மட்டும் விட மனசு வரல.

— அத்தான்...

— யோசிச்சுச் சொல்லு.

— அத்தான்.

— அவசரமில்ல. ரெண்டு நாள் எடுத்துக்கோ. நான் தப்பா நெனக்க மாட்டேன்.

— அத்தான், அசையாதீங்க.

— என்ன?

— நடுக்காட்டுப் பக்கம். உங்க வழியிலயே ஒருத்தன் வர்றான்.

— யாரு?

— ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு யாரு வருவாரு.

— ...நெஜமாவா?

— இடது புருவக் கொம்பு வளைஞ்சிருக்கு. அவனேதான். கழுத்து எருமை மாதிரி வீங்கிக் கெடக்குது. மூக்கைத் தரையில வச்சு, அந்தப் பொட்டை போன தடத்தை மோந்துக்கிட்டே வர்றான்.

— எத்தனை கெஜம்?

— அறுபது. ...அம்பது. மெதுவா எந்திரிங்க. அவன் தலை மரத்துக்குப் பின்னால போறப்போ வில்லைத் தூக்குங்க.

— எந்திரிச்சுட்டேன் மாப்ளே.

— அப்படியே இருங்க. நாப்பது. ...முப்பது. தலை மறைஞ்சிருச்சு. இப்போ, இழுங்க.

— ...இழுத்துட்டேன்.

— இருபத்திரண்டு கெஜம். பக்கவாட்டுல திரும்பறான். நான் லேசா குரல் குடுக்கறேன், நிப்பான். ...நின்னுட்டான். முன்னங்காலுக்குப் பின்னால. விடுங்க.

— ...

— அத்தான், விடுங்க.

— நீ பதில் சொல்லல.

— என்ன?

— நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல.

— இப்பவா?

— நிலம் என்னது இல்லேன்னா மானும் என்னது இல்ல. அடுத்தவன் மான் மேல நான் அம்பு விட மாட்டேன்.

— உங்களுக்கென்ன கிறுக்கா? நாலு வருஷம் காத்திருந்த கெடா அத்தான்.

— கை வலிக்குது. சீக்கிரம் சொல்லு.

— தலையைத் தூக்கிட்டான். இங்கதான் பாக்கறான்.

— சம்மதமா, இல்லியா?

— டிசம்பர்ல எந்தச் சனிக்கிழமை?

— ...ரெண்டாவது.

— என் கோட்டை வெளுக்கப் போடணும். விடுங்க அத்தான்.

— விட்டுட்டேன். பட்டுச்சா?

— பட்டுச்சு. சரியான எடம். ஓடறான்... ஓடைக்கரை... ஓக் மரத்தைத் தாண்டி...

— விழுந்தானா? எனக்குக் கண்ணு மங்கலா இருக்கு, ஒண்ணும் தெரியல.

— விழுந்துட்டான். அறுபது கெஜம்கூட ஓடல. ஒரு தடவை காலை நீட்டினான், அவ்வளவுதான். கஷ்டப்படல.

— நான் அழறேன்னு யார்கிட்டயும் சொல்லாத.

— நானும்தான் அழறேன். யாரு போயி யாருகிட்ட சொல்றது.

— ஆர்டிஸ் பாத்திருக்கணும்.

— பாத்திருந்தா முதல்ல உங்க முழங்கையைப் பத்திதான் சொல்லுவா. தூக்கி வச்சிருந்தீங்க.

— தூக்கியா வச்சிருந்தேன்?

— ரொம்ப. கீழ எறங்காதீங்க. அரை மணி நேரம் ஆகட்டும்.

— விழுந்ததைத்தான் ரெண்டு கண்ணால பாத்தியே.

— பாத்தாலும் அம்பு பட்ட மானை அரை மணி நேரம் விடணும். ரூலு ரூலுதான். இந்த வருஷம் நீங்க ஒடச்சது போதும். பன்னை எடுங்க. எத்தனை இருக்கு?

— ரெண்டு.

— ரெண்டா?

— ஒண்ணு உனக்குன்னு குடுத்தா. இன்னிக்கு மாப்ளேகிட்ட சொல்லாம சாப்பாட்டுக்கு வந்து நிக்காதேன்னும் சொன்னா.

— நல்ல பொம்பள. ...ம். இன்னும் சூடா இருக்கு.

— மாப்ளே, நெஜமாவே உனக்குச் சம்மதமா? மான் நிக்குதேன்னு சொல்லலயே?

— மானுக்காகச் சம்மதம் சொல்ற ஆளா நான். பேசாம சாப்பிடுங்க.

— ஒண்ணு மட்டும் புரியல. என் வாசனை அப்பிக் கெடக்கற வழியிலயே அவன் எப்படி வந்தான்?

— பழகிட்டான். ஆறு மாசமா ஒரே வழியில ஒரு ஆளு போறாரு, வர்றாரு, ஒண்ணும் பண்ணல. நீங்க அவனுக்கு டிராக்டர் மாதிரி ஆயிட்டீங்க. உள்ளயே வழிக்குப் பக்கத்துல படுத்துக் கெடந்திருப்பான். உள்ள ஏது கேமரா, படம் விழறதுக்கு.

— அப்போ நான் ஒண்ணும் கெடுக்கல.

— ஒண்ணும் கெடுக்கல.

— அப்பாடா. சொந்தமா வழி போட்டு வச்சவன், அதை விட்டுட்டு எங்க போவான்.

— அது மான் போட்ட வழி இல்ல அத்தான்.

— பின்ன?

— எந்த மான் முள்ளுச் செடிய மெஷின் ரம்பத்தால அறுக்கும்? வெட்டின கட்டைய ஓரமா அடுக்கி வேற வச்சிருந்துதே, பாக்கலயா?

— பாத்தேன். காத்துல விழுந்ததுன்னு நெனச்சேன்.

— எல்லாம் ரெண்டடி ரெண்டடியா, ஒரே அளவுல, காத்துல விழுந்துச்சு.

— நான் வேற நெனப்புல நடந்திருப்பேன். ...நீயா?

— மார்ச் மாசம். பனி உருகறதுக்கு முன்னால. நீங்க பல்லு கட்டப் போன நாளெல்லாம் பாத்து வந்தேன். எட்டு நாள் வேலை.

— நடுக்காட்டுக்குள்ள? நீ?

— ரூலை முதல்ல ஒடச்சது நான்தான். அதான் உங்களத் திட்ட வாய் வரல.

— விசிலடிச்ச கதையெல்லாம் சொன்னியே.

— கொஞ்சம் உறைக்கட்டுமேன்னு சொன்னேன்.

— இரு. மார்ச் மாசம். அப்போ இந்தத் தோளு... ஏணி...

— எங்க வீட்ல ஏணியே இல்ல அத்தான். பாதி வெட்டிச் சாய்ச்ச மரம் ஒண்ணு திரும்பி வந்து அடிச்சுது.

— அடப்பாவி. கொன்னு போட்டிருந்தா?

— போடலயே.

— ஏன்டா இதெல்லாம்?

— ஏன்னா... அக்கா போனப்புறம் நீங்க என்ன சாப்புட்டீங்கன்னு எனக்குத் தெரியும். டப்பா பீன்ஸு. நின்னுக்கிட்டே. போன் பண்ணினா, அன்னிக்கு நீங்க வாயத் தெறக்கறதே அப்பதான்னு குரல்லயே தெரியும். அக்காவப் பறிகுடுத்தாச்சு, அத்தானையும் கண்ணு முன்னாலயே பறிகுடுக்கறேனோன்னு பயந்துட்டேன். எனக்குப் பேசிப் புரிய வைக்கத் தெரியாது. மானுக்கு வழி போடத்தான் தெரியும். போயி வெர்ணாகிட்ட பேசுங்கன்னு சொல்லிருந்தா, வண்டிய எடுத்துக்கிட்டு எதிர்ப் பக்கமா போயிருப்பீங்க.

— போயிருப்பேன்.

— அதான், நடக்க லேசா ஒரு வழி. அந்தப் பக்கம் தின்ன கொஞ்சம்.

— வெர்ணாவுக்கு இது தெரியுமா?

— ச்சே. அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். டூலிப் விஷயமா புகார் சொல்லணும்னா ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வேலிக்கிட்ட போங்க, அத்தான் அங்க இருப்பாருன்னு.

— மூணு மணிக்கு நான் அங்க இருப்பேன்னு உனக்கு எப்படி... ஓ.

— பன்னுல வெண்ணெய் தாராளமா இருக்கு. நல்ல கை.

— பேச்சை மாத்தாத. ஏழாம் நம்பர் கேமரா. பழைய மாடலு. குளிர் தாங்காது. வெயில் தாங்காது.

— போன கிறிஸ்துமஸுக்கு வாங்கின கேமரா அத்தான் அது. எல்லாம் தாங்கும்.

— அப்போ பேட்டரி ஏன்டா வாராவாரம் செத்துச்சு?

— அதெல்லாம் என் பேத்தியோட பொம்மை ரயிலுல ஓடி ஓஞ்ச பேட்டரி. பாத்துப் பொறுக்கித்தான் உங்க கையில குடுத்தனுப்பினேன். போட்டதும் நாலு படம் எடுத்து என் போனுக்கு அனுப்பிட்டுச் செத்துடும். எனக்கு அந்த நாலு போதும். மே மாசப் படத்துல நீங்க ரெண்டு பேரும் வேலிக்கு அஞ்சு கெஜம் தள்ளி நின்னீங்க. ஜூலையில ரெண்டு கெஜம். செப்டம்பர்ல ஒரு படம் வந்துச்சு பாருங்க அத்தான், அதுல வேலி எங்க இருக்குன்னே தெரியல.